கெண்டைத் தூண்டிலும் இரைச் சோதனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரையில் பக்கத்தில் வந்து உட்காருகிறவர்களும், புதிதாகத் தூண்டில் எடுத்தவர்களும், பல வருடமாகப் போட்டும் மனசு நிறையாதவர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மூங்கில் கழி, தக்கை, கையால் பிசைந்த இரை என்ற எல்லைக்குள்தான் பேச்சு. இரையை மாற்றி மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்குத் தக்கைத் தூண்டிலைவிட நல்ல கருவி கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். நீருக்கடியில் இரையை மீன் என்ன செய்கிறது என்பதைத் தக்கை மேலே சொல்லிவிடுகிறது.

கெண்டைன்னா எந்தக் கெண்டை? ரோகு, கட்லா எல்லாம் இதுல சேருமா?

சேரும். எல்லாமே கெண்டைக் குடும்பம்தான். ஆனால் தூண்டில்காரருக்கு முக்கியம், அது எந்த மட்டத்தில் மேய்கிறது என்பது. சாதாக் கெண்டையும் மிர்காலும் அடித்தரையைக் கிளறுகிறவை. ரோகு நடுநீரில் மேயும். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும். அது மேல்மட்டத்து மீன். புல்கெண்டை செடி தின்னும். வெள்ளிக்கெண்டை நீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்பதால் தூண்டிலில் சிக்குவது அரிது.

இந்தப் பக்கத்தில் 'கெண்டை' என்று மட்டும் சொன்னால் சாதாக் கெண்டை என்று எடுத்துக்கொள்ளுங்கள். உதட்டோரம் இரண்டு ஜோடி மீசை இருக்கும். அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். மற்ற கெண்டைகளுக்கும் இதே யோசனைகள் பெரும்பாலும் பொருந்தும், தக்கையின் ஆழத்தை மட்டும் மாற்றிக்கொண்டால்.

பழைய முறையில போடணும்னா என்னென்ன வேணும்? வெறும் மூங்கில் கழி போதுமா?

போதும். கழி, நரம்பு, தக்கை, சின்ன எடைக்குண்டு, முள், மீனை அள்ள ஒரு கைப்பிடி வலை. தொடங்குவதற்கு இவ்வளவுதான். முழு மூங்கிலாக இருந்தால் முற்றின கழியாகப் பாருங்கள். பச்சையாக வெட்டியதை நிழலில் நன்றாக உலரவிட்ட பிறகு, வளைந்த இடத்தை மிதமான தீயில் காட்டி நிமிர்த்த வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெடிப்பு விழும்.

ரீல் இல்லாத கழியில் நரம்பை நுனியில் மட்டும் முடிச்சுப் போட்டு நிறுத்தாதீர்கள். நுனியில் கட்டிய பிறகு அதைக் கழியோடு சேர்த்துக் கீழே கொண்டுவந்து கைப்பிடிக்கு மேலேயும் ஒரு கட்டுப் போடுங்கள். நுனி ஒடிந்தாலும் மீன் நரம்பையும் தக்கையையும் இழுத்துக்கொண்டு போகாது. அப்படி அறுந்த நரம்போடு திரியும் மீன் செடியில் சிக்கிச் செத்துப்போகும். அதனால் இதை நான் கட்டாயமாகவே சொல்வேன்.

அண்ணே, மூங்கில் பெரிய மீனைத் தாங்குமா? பாதியில ஒடிஞ்சிடாதா?

தாங்கும். உலகத்தில் பேர்பெற்ற கெண்டைகள் சில மூங்கிலில் வந்தவைதான். 1952 செப்டம்பரில் இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் பிடித்த கெண்டை 44 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 20 கிலோ. அவர் கையில் இருந்தது அவரே வடிவமைத்த பிளந்த மூங்கில் கழி. அந்த மீனை லண்டன் விலங்குக் காட்சிசாலைக்குக் கொடுத்தார். அங்கே அது பல வருடம் உயிரோடு இருந்தது. அதே குளத்தில் 1980இல் கிறிஸ் யேட்ஸ் 51 பவுண்டு 8 அவுன்ஸ் கெண்டையைப் பிடித்ததும் அந்த வகை மூங்கில் கழியால்தான். இரை, இனிப்புச் சோளம்.

பிளந்த மூங்கில் என்பது முழுக் கழி இல்லை. சீனாவின் குவாங்டாங் பகுதியில் விளையும் டோன்கின் மூங்கிலை முக்கோணப் பட்டைகளாகச் சீவி, ஆறு பட்டைகளை ஒட்டி அறுகோணமாகச் செய்வது. மூங்கிலில் நார் மிக நெருக்கமாக இருப்பது தோலையொட்டிய பகுதியில். ஆறு பக்கமும் அந்தப் பகுதியே வெளிப்புறம் வருவதால்தான் அதற்கு அந்த உறுதி.

ஒடிவதற்குக் காரணம் பெரும்பாலும் மீனின் எடை அல்ல, கழியைப் பிடிக்கும் கோணம்தான். மீன் கரைக்கு அருகில் வந்ததும் கழியைத் தலைக்குப் பின்னால் சாய்த்து இழுத்தால் முழுப் பாரமும் நுனியில் ஏறும். கழி அடிவரை வளைகிற மாதிரி பிடியுங்கள்.

நரம்பு எவ்வளவு பலம் இருக்கணும்? பழைய முறைன்னா பட்டு நூலா போடணும்?

பட்டு நூல் தேவையில்லை. அது நீரை உறிஞ்சும். ஒவ்வொரு நாளும் உலர்த்தாவிட்டால் மக்கிப்போகும். 1930களின் கடைசியில் நைலான் வந்தபோது பழைய ஆட்கள்தான் முதலில் நிம்மதி அடைந்திருப்பார்கள். ஒற்றை இழை நைலான் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். மூங்கிலும் வளைந்து கொடுக்கும். இரண்டும் நல்ல ஜோடி. நீளாத பின்னல் நரம்பை மூங்கிலில் போடாதீர்கள். அதிர்ச்சி முழுவதையும் கழி தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

பலத்துக்கு வாக்கர் சொன்ன ஒரு கணக்கு இன்றும் உதவும். கழியின் நுனியை அடிப்பகுதிக்குச் செங்குத்தாக வளைக்க எவ்வளவு எடை தேவையோ, அதைப்போல் 5 மடங்கு பலமுள்ள நரம்பு அந்தக் கழிக்குப் பொருத்தம். ஒன்றரைப் பவுண்டில் வளையும் கழிக்கு ஏழரைப் பவுண்டு நரம்பு, ஏறத்தாழ 3.4 கிலோ. செடி அடர்ந்த இடத்தில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

சென்டர்பின் ரீல் வாங்கினேன், தூரமா எறியவே வரல. என்ன தப்பு?

தப்பு எதுவும் இல்லை. ஓர் அச்சில் சுழலும் வெறும் உருளைதான் அது. மீனைப் பிடித்து நிறுத்தும் பிரேக் உங்கள் கட்டைவிரல். தூர எறிவதற்காகச் செய்யப்பட்ட சாமான் அல்ல. இடது கையால் வளையங்களுக்கு நடுவே நரம்பை இழுத்துத் தளர்த்தி வைத்துக்கொண்டு, கழியை மெல்ல வீசி விட்டால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் போகும். கெண்டைக்கு அது ஏராளம். காலையிலும் மாலையிலும் அவை கரையோரம்தான் மேய்கின்றன.

தக்கையை எவ்வளவு ஆழத்துல வைக்கணும்?

முதலில் ஆழத்தை அளந்துவிடுங்கள். முள்ளில் ஒரு கனமான குண்டை மாட்டி, போடப்போகும் இடத்தில் இறக்குங்கள். தக்கை மூழ்கினால் தக்கைக்கும் முள்ளுக்கும் இடையில் விட்ட நீளம் போதவில்லை, படுத்துக்கொண்டால் அதிகம். நுனி மட்டும் நீர்மட்டத்தில் தெரிந்தால் அதுதான் சரியான ஆழம். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் இரையைக் குறை சொல்கிறவர்கள்தான் அதிகம்.

அடித்தரைக் கெண்டைக்கு எனக்குப் பிடித்தது தூக்குமுறை. மயிலிறகுத் தண்டோ நெட்டியோ, கீழ்முனை மட்டும் நரம்பில் பிடித்திருக்கும்படி கட்டுங்கள். தக்கையை நிமிர்த்தி வைக்கும் குண்டை முள்ளுக்கு நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். ஆழத்தைவிட ஒரு சாண் கூடுதலாக விட்டு, குண்டு தரையில் இருக்க, தக்கை நிமிர்கிற வரை நரம்பை இறுக்குங்கள். மீன் இரையை வாயில் எடுத்துத் தலையை உயர்த்தும்போது குண்டும் மேலே வரும். பாரம் நீங்கியதும் தக்கை எழும்பிப் படுத்துவிடும்.

சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால் பிரிட்டனில் 1987இல் அவற்றின் விற்பனையைத் தடை செய்தார்கள். வெள்ளீயம், டங்ஸ்டன் போன்றவை இதே வேலையைச் செய்யும்.

தக்கை ஆடிக்கிட்டே இருக்கு. எப்பதான் சுண்டுறது?

ஆட்டங்களைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். விடாமல் நடுங்கினால் சின்ன மீன்கள் இரையின் ஓரத்தைக் கொத்துகின்றன. ஒரு பக்கமாகச் சாய்ந்து மெல்ல நிமிர்ந்தால் கெண்டையின் உடம்போ துடுப்போ நரம்பில் உரசியிருக்கலாம். அப்போது சுண்டினால் முள் மீனின் வாயில் அல்ல, விலாவில் குத்தும். கூட்டமே கலைந்து ஓடும்.

தக்கை சீராக ஒரு திசையில் நகர்ந்தாலோ, மேலே சொன்னபடி எழும்பிப் படுத்தாலோ, ஒரே அழுத்தமாகக் கீழே போனாலோ சுண்டுங்கள். சுண்டுவது என்றால் மணிக்கட்டின் அசைவு மட்டும்தான். முள் கூராக இருந்தால் அதற்குமேல் வேண்டியதில்லை.

எழும்பி, உடனே பழையபடி நிமிர்ந்து நின்றால் அது மிக முக்கியமான சேதி: மீன் இரையை எடுத்துத் துப்பிவிட்டது. இரைச் சோதனை பற்றிய பதிலில் இதற்குத் திரும்பி வருவேன்.

கெண்டைக்கு ரொம்பப் பிடிச்ச இரை எது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

ஒன்றே ஒன்று என்றால் வேகவைத்த சோளம். முள்ளில் நிற்கும், சின்ன மீன்கள் எளிதில் உரித்துவிட முடியாது, மஞ்சள் நிறம் கலங்கல் நீரிலும் தெரியும், தூவுவதற்கும் அதையே பயன்படுத்தலாம்.

ஆனால் கெண்டை எல்லாம் தின்னும் மீன். தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் கடைவாய்ப் பல் போன்ற பற்கள் இருக்கின்றன, நத்தை ஓட்டையே நொறுக்கிவிடும். சேற்றோடு சேர்த்து உறிஞ்சி, வாயின் மேற்புறத்துத் தசையால் உணவை மட்டும் பிரித்துவைத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பும். உதடு, மீசை, வாய்க்குள் எல்லா இடத்திலும் சுவை மொட்டுகள். ஆகவே 'எதைத் தின்னும்' என்பது பெரிய கேள்வியே இல்லை. 'வாய்க்குள் போனதை ஏன் துப்புகிறது' என்று கேட்டால்தான் நம் வேலை தொடங்கும்.

மாவு இரை முள்ளுல நிக்கவே மாட்டேங்குது. கரைஞ்சு போயிடுது.

பெரும்பாலும் நீர் அதிகம், பிசைந்தது குறைவு. கோதுமை மாவில் உள்ள பசைச்சத்து பிசையப் பிசையத்தான் இழைகளாகப் பிணைந்துகொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக நீர் விட்டு நன்றாகப் பிசைந்து, ஈரத் துணியில் மூடி அரை மணி நேரம் வையுங்கள். இன்னும் உறுதி வேண்டுமானால் முட்டை சேர்க்கலாம். சிறு பங்கு பஞ்சை இழை இழையாகப் பிரித்துப் பிசைகிறவர்களும் உண்டு. பஞ்சு மீனின் வயிற்றுக்குள் போவதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

அதே நேரம், கரையவே கரையாத இரையும் உதவாது. கரைவதுதான் வாசம். கரைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் நிரப்பி, முள்ளில் கோத்த உருண்டையைப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்தில் மேற்பரப்பு மென்மையாகி, ஓரம் கலங்கி, நடுப்பகுதி முள்ளைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதுவே சரியான பதம். பத்து நிமிடத்தில் முள் தெரிந்தால் மாவு சேருங்கள். ஒரு மணி நேரமாகியும் உருண்டை அப்படியே இருந்தால் ரவையோ தவிடோ கலந்து இளக்குங்கள்.

சோம்பு, பெருங்காயம், வெனிலான்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எதைத்தான் போடறது?

எதைப் போட்டாலும் கொஞ்சமாகப் போடுங்கள். நம் மூக்குக்குத் தூக்கலாக இருக்கிற அளவு கெண்டைக்குப் பல மடங்கு அதிகம். ஒரு கை மாவுக்குச் சில சொட்டுக்கு மேல் ஊற்றினால் அதன் கசப்பே மீனை விரட்டும்.

வாசனை ஒரு பக்கம், கரைசல் இன்னொரு பக்கம். நீரில் பரவிப் போய் மீனின் சுவை மொட்டைத் தொடுவது நீரில் கரையும் பொருள்தான். எண்ணெய் கரையாது, துளித்துளியாக மேலே மிதந்துவிடும், குளிரில் உறைந்து இரைக்குள்ளேயே அடைபடும். மீன்தூள், இறால்தூள், ஈஸ்ட், புளிக்கவைத்த தானிய நீர் ஆகியவற்றில் அமினோ அமிலங்கள் நீரோடு கரைந்து வரும். உப்பும் தேனும் கரையும். ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டிலேயே கெண்டைக்குத் தேன் கலந்த மாவைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். எசன்ஸ் புட்டிகளை அடுக்குவதைவிட, இந்தப் பட்டியலில் ஒன்றை எடுத்து அளவை மாற்றி மாற்றிப் பாருங்கள், அதிகம் கற்றுக்கொள்வீர்கள்.

கடலை, சுண்டல், சோளம் எல்லாம் அப்படியே போடலாமா? ஊறவைக்கணுமா?

ஊறவைத்து வேகவைத்தே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. உலர்ந்த தானியமும் பருப்பும் நீரை உறிஞ்சி உப்பும். கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. அங்கே போய் உப்பினால் மீனுக்கு ஆபத்து. 24 மணி நேரம் ஊறவைத்து, பிறகு அரை மணி நேரமாவது கொதிக்கவிட்டு, விரலால் நசுங்குகிறதா என்று பாருங்கள். அந்த வேகவைத்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். தூவும் இரையைப் பிசைய அதைவிட நல்ல நீர் இல்லை.

பூசணம் பிடித்த வேர்க்கடலையைத் தொடவே வேண்டாம். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் மீனின் ஈரலைக் கெடுக்கும். நீங்கள் தின்னத் துணியாததை மீனுக்கும் போடாதீர்கள்.

தூண்டில் போடறதுக்கு முன்னாடி இரை தூவணுமா? எவ்வளவு?

தூவினால் நல்லது. ஆனால் மீன் வருவதற்கு முன்பே வயிறு நிறைகிற அளவுக்குத் தூவுகிறார்கள். முதலில் ஒரு கைப்பிடி. தக்கையில் ஆட்டம் தெரிந்த பிறகு, சற்று நேரத்துக்கு ஒருமுறை நாலைந்து மணி. உள்ளே போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. தவிடும் புண்ணாக்குத் தூளும் ஈரமாக்கிப் பிடித்த உருண்டை, தரையில் விழுந்து பொடியாகப் பரவும். மீனை நிறுத்தி வைக்கும், வயிற்றை அவ்வளவாக நிரப்பாது.

புதுசா ஒரு இரை செஞ்சேன். ஒரு நாள் அள்ளுது, மறுநாள் ஒண்ணுமில்ல. நல்ல இரையா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு நாள் கிடைத்த மீன்களை வைத்து இரையைப் புகழவும் கூடாது, கிடைக்காததை வைத்துத் தூக்கி எறியவும் கூடாது. அன்று காற்று மாறியிருக்கலாம், கூட்டம் வேறு மூலைக்குப் போயிருக்கலாம். இரையின் பங்கைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டுமென்றால் மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்திருக்க வேண்டும். அதே இடம், அதே ஆழம், அதே முள், அதே தக்கை.

உங்களுக்கு நன்றாகப் பழகிய இரை ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். சோளம் என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரம் சோளம், அரை மணி நேரம் புது இரை, மறுபடி சோளம் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். அடுத்த நாள் வரிசையைத் திருப்பி, புது இரையில் தொடங்குங்கள். இல்லையென்றால் விடியற்காலையின் நல்ல நேரம் எப்போதும் ஒரே இரைக்குப் போய்விடும். இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவாகப் பிடியுங்கள். புது இரையில் நிறம், வாசனை, கடினம் மூன்றையும் ஒன்றாக மாற்றினால், பலித்தாலும் எதனால் பலித்தது என்று தெரியாது. தேன் சேர்த்துப் பார்க்கிறீர்களா, அன்றைக்குத் தேன் மட்டும்தான்.

எண்ண வேண்டியது கரைக்கு வந்த மீனை மட்டும் அல்ல. தக்கையின் மூன்று சேதிகளையும் ஒரு நோட்டில் குறியுங்கள்: நடுக்கம், எடுத்துத் துப்பியது, எடுத்துக்கொண்டு போனது. துப்பல் நிறைய, ஓட்டம் குறைவு என்றால் வாசம் மீனை வரவழைக்கிறது, ஆனால் வாயில் ஏதோ பிடிக்கவில்லை. இரை கடினமாக இருக்கலாம், முள் பெரிதாக இருக்கலாம், சுவை கசக்கலாம். ஆட்டமே இல்லை என்றால் வாசம் பரவவில்லை, அல்லது அங்கே மீனே இல்லை. சோளம் போட்டபோதும் ஆட்டம் இல்லையென்றால் இரண்டாவதுதான். சில நாள் குறிப்புகள் சேர்ந்த பிறகு பார்த்தால், நினைவு சொல்கிற கதையும் நோட்டு சொல்கிற கதையும் ஒன்றாக இருக்காது. நோட்டை நம்புங்கள்.

முள்ளே இல்லாமல் செய்யும் சோதனையும் உண்டு. தெளிந்த ஆழமற்ற ஓரத்தில் இரண்டு வகை இரையையும் அருகருகே போட்டுவிட்டு, அசையாமல் தள்ளி நின்று எது முதலில் காலியாகிறது என்று கவனியுங்கள். முள்ளில்லாமல் தின்கிறது, முள்ளோடு தொடவில்லை என்றால் குறை இரையில் இல்லை.

அப்போ முள்ளோட கனம்கூட மீனுக்குத் தெரியுமா?

தெரியும் என்றே நடந்துகொள்கிறது. கெண்டை உறிஞ்சும்போது தனியாகக் கிடக்கும் இரை லேசாக எழும்பி வாய்க்குள் போகும். முள் கோத்தது தயங்கும். இந்தக் கனத்தை ஈடுகட்ட ஒரு பழைய வழி உண்டு. முள்ளில் மாவு உருண்டையோடு ரொட்டியின் மொறுமொறுப்பான மேல்தோல் ஒரு துண்டு சேர்த்துக் கோப்பது. ரொட்டித்தோல் மிதக்கும், மாவு மூழ்கும்; அளவை மாற்றி மாற்றி, இரை இறகு மாதிரி மெல்ல இறங்குகிற பதத்துக்குக் கொண்டுவரலாம். மேலே சொன்ன 44 பவுண்டு கெண்டைக்கு வாக்கர் போட்டது இந்த ஜோடியைத்தான். அடியில் சேறோ செடியோ இருந்தால் இரை புதையாமல் மேலே படுத்திருக்கும் என்பது கூடுதல் லாபம்.

போன மாசம் அள்ளிக் கொடுத்த இரை இப்ப சுத்தமா எடுபடல. மீனுக்கு ஞாபகம் இருக்குமா?

இருக்கும். நெதர்லாந்தில் பியுகெமா என்ற ஆய்வாளர் குளத்துக் கெண்டைகளில் செய்த தூண்டில் சோதனைகளை 1970இல் வெளியிட்டார். ஒருமுறை முள்ளில் சிக்கி விடுபட்ட கெண்டைகள் மறுபடி சிக்குவது வெகுவாகக் குறைந்துபோனது. ஒரே அனுபவம் அவற்றுக்குப் பாடமாகிவிடுகிறது.

பிடித்த மீனைத் திரும்ப விடும் குளத்தில் ஒரே இரையை ஒரே இடத்தில் எல்லோரும் போட்டால் இது சீக்கிரம் தெரியும். முழுக்கப் புது இரைக்குத் தாவ வேண்டியதில்லை. இடத்தை மாற்றுங்கள், உருண்டையின் அளவைச் சிறிதாக்குங்கள், நிறத்தை மங்கலாக்குங்கள். முந்திய பதிலில் சொன்னபடி ஒவ்வொன்றாக.

குமிழி குமிழியா வருது, தண்ணி கலங்குது, மீன் மேயறது நல்லாவே தெரியுது. ஆனா என் இரையைத் தொட மாட்டேங்குது.

சேற்றுக்குள் இருக்கும் சிவப்பு நிறப் பூச்சிப்புழுக்களில் அவை மூழ்கியிருக்கின்றன. நுண்ணிய உணவு ஏராளமாகக் கிடைக்கும்போது கெண்டை அதைத் தவிர வேறெதையும் கவனிக்காது. பெரிய மாவு உருண்டை அதற்கு ஒரு கல் மாதிரி. முள்ளின் அளவைக் குறைத்து, சின்ன மண்புழு ஒன்றையோ புழுத்துண்டையோ கோத்து, குமிழி நகரும் திசைக்குச் சற்று முன்னால் சத்தமில்லாமல் இறக்குங்கள். குமிழியின் நடுவிலேயே போட்டால் மேய்ச்சல் நின்றுவிடும்.

விடியற்காலையில மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. மிதக்கிற இரை போட்டாலும் எடுக்கல. ஏன்?

அது பசி இல்லை, மூச்சுத்திணறல். பச்சைப் பாசி அடர்ந்த குளத்தில் இரவெல்லாம் பாசியும் பிராணவாயுவை உள்ளிழுக்கும். விடியும் நேரத்தில் நீரில் அது மிகக் குறைந்திருக்கும். நீர் சூடாக ஆக அது தாங்கும் பிராணவாயுவும் குறையும்: 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல், 30 டிகிரியில் ஏழரை அளவுதான். அந்த நேரத்தில் தூண்டில் போடாதீர்கள். சிக்கினால் போராட்டத்திலேயே மீன் செத்துவிடும். இரை தூவவும் வேண்டாம். மிஞ்சியது அழுகி, இருக்கிற பிராணவாயுவையும் தின்றுவிடும். வெயில் ஏறி, காற்று அடித்து, மீன்கள் கீழே இறங்கிய பிறகு பாருங்கள்.

குளிர்காலத்துக்குத் தனி இரை உண்டா?

உண்டு என்பதைவிட, குறைத்துப் போட வேண்டும் என்பது சரி. நீர் 20 முதல் 28 டிகிரிக்குள் இருக்கும்போது கெண்டை நன்றாக மேயும். 10 டிகிரிக்குக் கீழே செரிமானமே மந்தம். ஒற்றைச் சோள மணி, சின்ன ரொட்டித் துண்டு, மண்புழு போதும். எண்ணெய்ச் சத்து மிக்க இரையைத் தவிர்த்துவிடுங்கள். காரணத்தை வாசனை பற்றிய பதிலில் சொல்லியிருக்கிறேன். வெயில் விழும் ஓரத்தைத் தேடி நடுப்பகலில் உட்காருங்கள்.

ஹேர் ரிக், பாய்லி எல்லாம் சேர்த்துக்கிட்டா அது பழைய முறை ஆகாதா?

கறாரான எல்லைக்கோடு எதுவும் இல்லை. முள்ளில் குத்தாமல், அதன் அடியில் தொங்கும் மெல்லிய இழையில் இரையைக் கட்டுவது ஹேர் ரிக். 1970களின் இறுதியில் இங்கிலாந்தில், தொட்டியில் கெண்டை இரையைத் துப்புவதைக் கவனித்துக் கண்டுபிடித்தது. முதலில் உண்மையிலேயே தலைமுடியைத்தான் பயன்படுத்தினார்கள். முட்டை சேர்த்துப் பிசைந்து வேகவைத்த கெட்டி உருண்டைதான் பாய்லி. அதை வீட்டிலேயே செய்யலாம்.

கனமான ஈயத்தோடு சேர்ந்தால் மீன் தானாகவே முள்ளில் மாட்டிக்கொள்ளும் அமைப்பு ஹேர் ரிக். எடுத்துத் துப்பியது, முகர்ந்துவிட்டுப் போனது எதுவும் உங்களுக்குத் தெரியாது. தக்கைக்குக் கீழே இழையைக் கட்டிப் பாருங்கள்; கெட்டியான கடலைக்கு நன்றாகவே உதவும். தக்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பேன்.

மாட்டினதும் செடிக்குள்ள பாய்ஞ்சிடுது. என்ன செய்யறது?

முதல் பாய்ச்சல்தான் பெரிது. எதிரே நின்று இழுக்காமல், கழியைப் பக்கவாட்டில் தாழ்த்தி மீனின் தலையைத் திருப்பப் பாருங்கள். பக்கத்து இழுப்பில் மீனின் சமநிலை குலையும். செடிக்குள் போய்விட்டால் வலுக்கட்டாயம் வேண்டாம். நரம்பைத் தளர்த்திச் சில நிமிடம் பொறுத்திருங்கள். இழுப்பு நின்றதும் மீன் பல நேரம் தானே வெளியே வரும். தடதடவென்று கரையில் ஓடாதீர்கள். கெண்டையின் காற்றுப்பையையும் உட்காதையும் சிறு எலும்புகள் இணைப்பதால் அதற்குக் கேட்கும் திறன் அதிகம். காலடி அதிர்வு ஒவ்வொன்றும் போய்ச் சேரும்.

பிடிச்ச மீனைத் திரும்ப விடலாமா?

விடுவதானால் எதிர்முள் இல்லாத முள் போடுங்கள், கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், ஈரப் புல்லிலோ நனைந்த துணியிலோ கிடத்துங்கள். உலர்ந்த கை மீனின் மேல் உள்ள வழுவழுப்பை உரித்துவிடும். நோய் தொற்றாமல் காப்பது அந்தப் பூச்சுதான். நீரில் நிமிர்த்திப் பிடித்து, தானாக வாலை அடித்துப் போகும்வரை விடாதீர்கள்.

எல்லா இடத்திலும் விடக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் சாதாக் கெண்டை வெளியிலிருந்து வந்து ஆறுகளைக் கலக்கும் மீன். அங்கே சில மாநிலங்களில் பிடித்ததை உயிரோடு திரும்ப விடுவது சட்டப்படி குற்றம். நீங்கள் தூண்டில் போடும் நீர்நிலையின் விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழியை எப்படி வச்சுக்கணும்? ஒரு வருஷத்துலயே வளைஞ்சு போச்சு.

ஈரத்தோடு உறையில் போட்டிருப்பீர்கள், அல்லது சுவரில் சாய்த்து வைத்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, காற்றாட விட்டு, நுனி மேலே இருக்கும்படி ஆணியில் தொங்கவிடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாதீர்கள், பசை இளகும். வார்னிஷ் உரிந்த இடத்தில் நீர் நுழைவதற்கு முன் மெல்லிய பூச்சு ஒன்று கொடுங்கள். லேசான வளைவு விழுந்திருந்தால் அதைச் சரிசெய்யலாம். வளையங்களை அவிழ்த்து எதிர்ப்பக்கம் மாற்றிக் கட்டினால், மீனின் இழுப்பே அதை மெல்ல நிமிர்த்திவிடும்.